புத்தளக் கரையில் ஒரு புதுச் சந்தை

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதி நீர்கொழும்பைக் கடந்ததும் மாரவில, சிலாபம், முந்தல் என்று கடலுக்கு அண்மையாகவே சென்று, ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தூரத்தில் புத்தளத்தை அடைகின்றது. பட்டணத்துக்குச் சற்று இப்பால் பாலாவி என்றொரு சந்தி உண்டு. அங்கே இடப்புறமாகத் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாட்டின் வீதி. ஒரு பக்கத்தில் 327 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கும் புத்தளம் களப்பு, மறுபக்கத்தில் பெருங்கடல், இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலம். இந்த மணலிலே என்ன விளையப்போகின்றது என்று புதிதாக வருபவர் எண்ணக்கூடும். மிளகாயும் வெங்காயமும் மரக்கறி வகைகளும் செழித்து விளைகின்றன. கிணற்று நீரை இறைத்து, மணலைப் பொன்னாக்கும் உழைப்பாளிகள் இங்குள்ளவர்கள். நுரைச்சோலையை நெருங்கும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தென்னைகளுக்கு மேலாகத் தலை நீட்டுகின்றது. மாம்புரிப் பக்கத்திற் பெரிய காற்றாடிகள் ஓயாது சுழல்கின்றன. காற்றையும் விற்றுக் காசாக்கும் ஊர் இது என்று நாம் நினைத்துக்கொண்டோம். அந்த நினைப்பு எவ்வளவு மெய்யானது என்பது கண்டக்குழியை அடைந்த பின்னரே தெரிந்தது.

கல்லூரி விடுமுறையில் நான்கு நாட்களை நாம் இக்கரையிலே கழித்தோம். முன்னேஸ்வரத் தரிசனமும் கடற்காற்றும் ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. நம்மிடம் தமிழ் படித்தவர்களிற் சிலர் இப்பகுதியிலே சிறு தொழில்களை நடத்தி வருகின்றனர். “சேர், எங்கட கடை இப்ப பேஸ்புக்கில இருக்கு” என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம், வீதியோரத்தில் இருக்கவேண்டிய கடைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். கேட்டு அறிவதிலும் பார்த்து அறிவது நன்றல்லவா?

வெளியுலகத்தோடு தொடர்புகொள்ளும் வித்தை இக்கரைக்குப் புதியதன்று. 1344-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொறொக்கோ நாட்டு யாத்திரிகரான இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு உரையாடிய பட்டினம் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. அரசனிடத்துக் கண்ட முத்துக்களையும், கரையிலே குவிந்து கிடந்த கறுவா மரங்களையும் பற்றி அவர் எழுதிவைத்தார். வந்துபோன விருந்தாளி ஒருவர் எழுதிய சில வரிகள், ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகள் கழிந்தும் இவ்வூரின் பெயரை உலகத்தின் காதிலே ஓதிக்கொண்டிருக்கின்றன. இதற்கு மேலான விளம்பரம் எந்த வியாபாரிக்குக் கிட்டும்?

பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1667 முதல் 1676 வரையில் அவர்கள் கற்பிட்டியில் எழுப்பிய கோட்டை இன்றும் களப்பைப் பார்த்தபடி நிற்கின்றது. கண்டி இராச்சியத்துக்குப் போகும் பண்டங்களும் அங்கிருந்து வரும் பண்டங்களும் இக்களப்பின் வாயிலைக் கடந்தாக வேண்டும். வாயிலைப் பிடித்தவன் வர்த்தகத்தைப் பிடித்தான். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்களாக. சற்று நேரத்தில் இது மறுபடியும் வரும்.

கற்பிட்டி பெற்ற அறிஞர் ஒருவரையும் இவ்விடத்திற் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1807-இல் அங்கே பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி 1859-இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை வெளியிட்டவர் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1834-இல், ‘சிலோன் கசற்றியர்’ என்ற நூலை அவர் வெளியிட்டார். இலங்கையின் ஊர்கள், ஆறுகள், விளைபொருள்கள், மக்கள் ஆகியவற்றை வரிசைப்படுத்திக் கூறும் நூல் அது. இன்ன ஊர் இன்ன இடத்தில் இருக்கின்றது, அங்கே இன்னது கிடைக்கும் என்று உலகுக்கு அறிவிக்கும் அந்தத் தொழிலையே இன்று கண்டக்குழியில் ஓர் இளைஞன் தன் கைத்தொலைபேசியிற் செய்துகொண்டிருக்கின்றான்.

அவ்விளைஞன் நம் மாணாக்கன். கடலுக்கும் தென்னந்தோப்புக்கும் இடையில் ஓலை வேய்ந்த நான்கு அறைகளைக் கட்டி, பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றான். சமையல் அவன் தாயாரின் பொறுப்பு. வைகாசி முதல் ஐப்பசி வரையில் வீசும் தென்மேற்குக் காற்றிலும், மார்கழி முதல் மாசி வரையில் வீசும் வடகீழ்க் காற்றிலும், பெரிய பட்டங்களைக் கயிற்றிற் பிணைத்து நீர்மேல் வழுக்கிச் செல்லும் விளையாட்டுக்காக ஐரோப்பியர் பலர் இக்கரைக்கு வருகின்றனர். கார்த்திகை முதல் சித்திரை வரையில் டொல்பின்களைக் காண வருபவர் வேறு. காற்றும் கடலும் இலவசம். ஆனால் “இங்கே ஓர் அறை உண்டு” என்ற செய்தியை ஜெர்மனியில் இருப்பவனுக்கு யார் சொல்வது?

ஆரம்பத்தில் அந்த வேலையை அறை பதிவுசெய்யும் பெரிய வெளிநாட்டு நிறுவனங்களே செய்தன. அவர்களின் பட்டியலில் இடம்பெற்றால் விருந்தினர் வருவர். வரும் பணத்தில் பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்து வீதமளவு தரகாகப் போய்விடும். ஒல்லாந்தர் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்! எனினும் நம் மாணாக்கன் அவர்களைத் தூற்றவில்லை. “முதல் ஆக்களைக் கொண்டுவந்து சேர்த்தது அவங்கதானே, சேர். ரெண்டாந்தரம் வாறவங்களாவது நேரா என்னட்ட வரவேணும். அதுக்குத்தான் இந்தப் பாடு” என்றான். நியாயமான கணக்கு. புதிய விருந்தாளிக்குத் தரகு கொடுக்கலாம். பழகிய விருந்தாளிக்கும் ஏன் கொடுக்கவேண்டும்?

அவன் தொடங்கிய விதத்தைக் கேட்டறிந்தோம். முதலில் தன் சொந்தப் பெயரிலுள்ள பேஸ்புக் கணக்கிலேயே அறைகளின் படங்களையும் போட்டானாம். மைத்துனியின் பூப்பு நீராட்டு விழாவும், கிரிக்கெட் பற்றிய வாக்குவாதமும், அறை வாடகையும் ஒரே இடத்திற் கலந்து கிடந்தன. பார்ப்பவன் இதை விருந்தினர் விடுதி என்று எவ்வாறு நம்புவான்? மேலும் சொந்தக் கணக்கில் 5000 நண்பர்களுக்கு மேற் சேர்க்க இயலாது. வர்த்தகத்துக்கென்று தனிப் பக்கம் திறக்கும் வசதியை பேஸ்புக் 2007-ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்தியிருந்தது. அதற்கு அந்த எல்லை இல்லை. முகவரி, தொலைபேசி இலக்கம், வேலை நேரம் யாவும் அதில் இடம்பெறும். எத்தனை பேர் பார்த்தனர் என்ற கணக்கும் கிடைக்கும். பக்கத்தைத் திறந்தபின், தன் தங்கையையும் அதன் நிர்வாகியாகச் சேர்த்துக்கொண்டான். ஒருவரின் தொலைபேசி கடலில் விழுந்தாலும் மற்றவர் கையிற் சாவி இருக்கவேண்டும் என்பது அவன் யோசனை. கடற்கரையில் வாழ்பவனுக்கு இது வெறும் உவமையன்று. ஒன்று ஏற்கனவே விழுந்திருக்கின்றது.

அடுத்து, கூகுள் வரைபடத்திலே தன் விடுதியின் இடத்தைக் குறித்து, நிறுவனத்தின் பெயரையும் பதிவுசெய்தான். இதற்குக் கட்டணம் கிடையாது. கடையின் சொந்தக்காரர் தாமே என்று நிரூபித்தாற் போதும். இச்சிறு வேலையைச் செய்யாமலே விளம்பரத்துக்குப் பணம் கொட்டுவோர் பலர் என்று அவன் சொன்னபோது வியந்தோம். மணற்பாதைகள் ஒன்றுபோலவே தோன்றும் இவ்வூரில், முச்சக்கர வண்டிக்காரரும் வழி தவறுவதுண்டு. வரைபடத்தில் ஒரு புள்ளி இருந்தால், வருபவன் இரவிலும் வாசலுக்கு வந்துவிடுவான்.

அந்த வரைபடத்தின் கீழே, தங்கிச் சென்றவர்கள் தம் அபிப்பிராயங்களை எழுதுகின்றனர். இப்னு பதூதாக்கள் இப்போது நாள்தோறும் வருகின்றார்கள் எனலாம். எல்லாரும் புகழ்வதில்லை. கிணற்று நீர் உப்புக் கரிக்கின்றது என்றும், நுளம்புத் தொல்லை தாங்கவில்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நம் மாணாக்கன் சினங்கொள்ளாமல் நன்றி கூறி, நுளம்பு வலைகளைப் புதிதாகக் கட்டியிருப்பதையும், குடிப்பதற்கு வேறு நீர் வைத்திருப்பதையும் அதன் கீழே எழுதினான். கிணறு உப்பென்பதை மறுக்கவில்லை. அந்த மறுமொழியைப் படித்துவிட்டே வந்தோம் என்று பின்னர் வந்த தம்பதியர் கூறினராம். புகழ்ச்சி மாத்திரம் நிறைந்த பக்கத்தைக் கண்டால் நமக்கே ஐயம் பிறக்கின்றதல்லவா?

அவன் செய்யும் மற்றொரு காரியம் நம்மை மிகவும் கவர்ந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் கரைக்குச் சென்று, அன்றைய காற்றின் வேகம், திசை, அலையின் நிலை ஆகியவற்றை மூன்று வரியில் எழுதி, ஒரு படத்துடன் வெளியிடுகின்றான். அதில் அறை வாடகை பற்றி ஒரு சொல்லும் இல்லை. காற்றுக்காக ஏங்கி எங்கோ பனியில் உட்கார்ந்திருப்பவர் அதை நாள்தோறும் பார்க்கின்றார். புறப்படும் நாள் வரும்போது, காற்றைப் பற்றி உண்மை சொன்னவனிடமே அறையையும் கேட்கின்றார். காற்றில்லாத நாளில் “இன்று காற்றில்லை” என்றே எழுதுகின்றான். ஒரு விருந்தினர் அதைக் கண்டு வருகையைப் பிற்போட்டதும் உண்டாம். தாயார் அன்றைக்கு அவனோடு பேசவில்லை என்று சிரித்தான்.

டொல்பின் விஷயத்தில் நம் மனம் அவ்வளவு மகிழவில்லை. கற்பிட்டிக் கடலில் சுழன்று துள்ளும் டொல்பின்கள் பெருங்கூட்டமாக வருவது உலகறிந்த காட்சி. ஒருவர் படகுக்கு அருகே துள்ளும் டொல்பினைப் படம்பிடித்து வெளியிட்டால், அடுத்தவர் அதனினும் அருகே சென்று பிடிக்க விரும்புகின்றார். படகோட்டி பாவம், விருந்தினரின் மனம் கோணாதிருக்க வேகத்தைக் கூட்டுகின்றான். நாம் சென்ற காலைப்பொழுதில் ஒரு கூட்டத்தைச் சுற்றிப் பல படகுகள் வளையமிட்டன. அவை ஆழத்தில் மறைந்தன, படகுகள் காத்திருந்தன, மீண்டும் தலை காட்டியதும் மீண்டும் துரத்தல். படம் நன்றாக வந்திருக்கலாம். 1992-ஆம் ஆண்டு முதல் சரணாலயமாகக் காக்கப்படும் பவளப் பாறைத் திட்டுக்கு அருகிலே இது நடப்பது வருத்தத்துக்குரியது. தூரத்தே எஞ்சினை நிறுத்திக் காத்திருக்கும் படகோட்டிகளும் இங்கே உண்டு. தம் பக்கங்களில் அந்தப் பொறுமையையே அவர்கள் விளம்பரப்படுத்தினால் என்ன என்று கேட்டோம். ஒருவர் ஏற்கனவே அவ்வாறு செய்வதாகவும், அதை விரும்பி வருபவர்கள் கூடுதலான நேரம் தங்குவதாகவும் அறிந்தோம்.

கற்பிட்டியை விட்டுத் தெற்கே முந்தலுக்கு அருகிலுள்ள உடப்பை அடைந்தபோது வேறோர் உலகத்துள் நுழைந்ததுபோல் இருந்தது. உடப்பு தமிழ் மணக்கும் மீனவக் கிராமம். திரௌபதையம்மன் ஆலயமும், ஆடி மாதத் தீமிதிப்பும், கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்களும் இவ்வூரின் பெருமைகள். வலை இழுப்பவர்களின் கால்கள் மணலிற் புதைய, பாட்டின் தாளத்துக்கு ஏற்பக் கயிறு கரை ஏறும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறவார். இக்காட்சியைக் கூடப் பிள்ளைகள் சிலர் படம்பிடித்து ரிக்ரொக்கில் வெளியிடுகின்றனர். பாட்டுக்குப் பதிலாகச் சினிமாச் சங்கீதத்தை ஒட்டிவிடுவதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. கடலின் ஓசையும் கிழவர்களின் குரலும் எந்தச் சங்கீதத்துக்குக் குறைந்தவை?

இவ்வூரிற் கருவாடு போடும் அம்மையார் ஒருவர் நம்மை வரவேற்று இளநீர் தந்தார். மகள் உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கின்றாள். வியாபாரம் தாயுடையது, தொலைபேசி மகளுடையது. மீனை வெட்டிக் கழுவி உப்பிட்டுக் காயவைப்பது வரையில் பரம்பரை முறைதான். ஆனால் முன்னர் மணலிலே பாயை விரித்துக் காயவைத்தவர்கள், இப்போது இடுப்பளவு உயரத்தில் தடி நட்டு, வலை கட்டி, அதன்மேல் பரப்புகின்றனர். காரணத்தைக் கேட்டோம். “படம் எடுத்துப் போட்டா, மணல் இருக்குதா என்டுதானே முதல்ல கேக்கிறாங்க, மாஸ்டர்” என்றார் அம்மையார். உத்தியோகத்தர்கள் வந்து எவ்வளவோ முறை சொல்லியும் நடவாத காரியத்தை, கொழும்பிலும் கண்டியிலும் இருந்து படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்ட வாடிக்கையாளர்கள் நடத்திவிட்டனர்.

மகள் உபயோகிப்பது வட்ஸ்அப் நிறுவனம் சிறு வியாபாரிகளுக்கென்று 2018-ஆம் ஆண்டு தை மாதத்தில் வெளியிட்ட செயலி. நெத்தலி, சூடை, கட்டா, பாரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், எடை, விலை. விலையை மறைத்து வைத்து, “கேளுங்கள் சொல்கிறோம்” என்னும் வழக்கம் அவளிடம் இல்லை. கேட்க நாணுபவன் வாங்காமலே போய்விடுவான் என்பதை அவள் கண்டுகொண்டாள். நள்ளிரவில் வரும் வினாவுக்கு, காலையில் மறுமொழி கிடைக்கும் என்ற செய்தி தானாகவே செல்லும். புதுக் கருவாடு காய்ந்ததும் வாடிக்கையாளர் பலருக்கும் ஒரே முறையிற் செய்தி அனுப்புகின்றாள். அவ்வாறான ஒரு பட்டியலில் 256 பேரையே சேர்க்கலாம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அவளுடைய இலக்கத்தைத் தம் தொலைபேசியிற் பதிந்து வைத்தவர்களுக்கே அச்செய்தி போய்ச் சேரும். ஆகையால் பொட்டலம் அனுப்பும்போதெல்லாம், “எங்கள் இலக்கத்தைப் பதிந்து வையுங்கள்” என்று கையால் எழுதிய துண்டு ஒன்றையும் உள்ளே வைக்கின்றாள். எழுத்து மணிமணியாக இருந்தது; ஆசிரியக் கண்ணுக்கு அது தப்புமா?

ஆனாலும் பெரும் பகுதிக் கருவாட்டை இன்றும் பழைய முதலாளிக்கே கொடுக்கின்றனர். நமக்கு இது முதலில் விளங்கவில்லை. அம்மையார் விளக்கினார். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் முற்பணம் தருபவர் முதலாளி. மகளின் கல்விச் செலவுக்கும் கொடுத்தவர் அவரே. அந்தக் கடனுக்காக விலையை அவர் வைத்தபடி ஏற்கவேண்டியிருக்கின்றது. தொலைபேசியிலே விலை நன்றாகக் கிடைக்கின்றது. ஆனால் புயற்காலத்தில் தொலைபேசி கடன் தராது. ஆகவே பத்தில் இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று மெல்ல மெல்ல நேரடி விற்பனையை வளர்க்கின்றனர். “இந்தச் செயலியை இறக்கினால் இடைத்தரகர் ஒழிவர்” என்று மேடைகளிற் பேசுவோர் ஒருமுறை உடப்புக்கு வந்து இந்த அம்மையாரோடு உரையாடினால் நல்லது.

இழப்புகளும் இல்லாமலில்லை. பணம் அனுப்பியதாக வங்கிச் சீட்டின் போலிப் படத்தை ஒருவன் அனுப்பி ஐந்து கிலோக் கருவாட்டைப் பெற்றுக்கொண்டான். அன்றிலிருந்து, பணம் கணக்கில் விழுந்ததைக் கண்ணாற் கண்ட பின்னரே பொட்டலம் பஸ் ஏறும். இன்னொருவன், உறவினன்போற் பேசி, தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டெண்ணைக் கேட்டான். அதைக் கொடுத்திருந்தால் கணக்கு முழுவதும் அவன் கைக்குப் போயிருக்கும். அந்த எண்ணைப் பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது என்று மகள் சொல்ல, தாய் நம்மைப் பார்த்து, “கேட்டீங்களா, மாஸ்டர், என்னை நம்பமாட்டாளாம்!” என்றார். இரண்டாவது பூட்டாக இரகசிய எண் ஒன்றை இடும் வசதியும் அச்செயலியில் உண்டு, அதையும் இட்டிருக்கின்றனர்.

புத்தளம் நகரில் நாம் சந்தித்த வியாபாரி வேறு வகையினர். 1990-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டபோது, பெரும் தொகையினர் வந்து தங்கியது இப்புத்தளத்திலேயே. தமிழராகிய நாம் தலைகுனிந்து நினைக்கவேண்டிய நிகழ்ச்சி அது. அப்போது சிறுவராக மன்னாரிலிருந்து பெற்றோருடன் வந்த ஒருவர் இப்போது பெண்களுக்கான உடைகளைத் தைத்து விற்கின்றார். தையல் வேலையை அயலிலுள்ள பெண்கள் தம் வீடுகளில் இருந்தே செய்கின்றனர். “நானா, முதல் வாடிக்கையாளர் யார்?” என்று கேட்டோம். ஊரை இழந்து கொழும்பு, நீர்கொழும்பு, வெளிநாடு என்று சிதறிப்போன பழைய அயலவர்களே என்றார். அவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிப்பதற்காக வட்ஸ்அப்பில் ஒரு குழு அமைத்திருந்தனர். திருமணமும் மரணமும் அறிவிக்கும் அக்குழுவில் ஒரு நாள் ஓர் உடையின் படத்தை மனைவி போட, மூன்று பேர் விலை கேட்டனர். குழுவின் பெரியவரிடம் அனுமதி கேட்டபின்னரே அடுத்த படத்தைப் போட்டாராம். துக்கச் செய்தி வந்த நாளில் வியாபாரப் படம் போடுவதில்லை என்ற நியமத்தையும் அவர்களே வகுத்துக்கொண்டனர். சந்தையின் நாகரிகம் என்பது இதுவன்றோ!

விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது பற்றியும் அவரிடம் கேட்டோம். முதல் ஆறு மாதம் ஒரு சதமும் கட்டவில்லையாம். நல்ல படங்களும், வாங்கியவர் சொன்ன நல்ல வார்த்தைகளும் பக்கத்தில் நிறைந்த பின்னரே, சிறு தொகை கட்டி, புத்தளத்துக்கும் அயலூர்களுக்கும் மட்டும் காட்டும்படி விளம்பரம் செய்தார். வெறுமையான கடைக்கு ஆட்களைக் கூட்டி வந்து என்ன பயன் என்று கேட்டார். படங்களை மின்விளக்கில் எடுப்பதில்லை. நிறம் மாறி, உடையைத் திருப்பி அனுப்புவார்கள். காலை எட்டு மணிக்குத் தாழ்வாரத்து வெளிச்சத்திலேயே எடுக்கின்றார்.

பேச்சின் நடுவே அவர் குரல் தாழ்ந்தது. 2019-ஆம் ஆண்டைப் பற்றிக் கூறத் தொடங்கினார். அவ்வாண்டு சித்திரை 21-ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த குண்டுவெடிப்புகள் நாட்டையே உலுக்கின. நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் மடிந்தவர்களின் துயரம் இக்கரை முழுவதும் பரவியிருந்தது. மூன்று வாரம் கழித்து, மே 12-ஆம் திகதி, சிலாபத்தில் கடை நடத்திய முஸ்லிம் ஒருவர் பேஸ்புக்கில் நடந்த ஒரு வாக்குவாதத்தில் ஆங்கிலத்திலே ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற பொருள்பட்ட வரி அது. அதைப் படித்த சிலர், இன்னொரு தாக்குதலுக்கான எச்சரிக்கை என்று கொண்டனர். வரி கைக்குக் கை மாறியது. கூட்டம் திரண்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சிலாபத்தில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் கலவரம் குருநாகல், மினுவாங்கொடை முதலிய இடங்களுக்குப் பரவியது. புத்தளம் மாவட்டத்திலே, நாத்தாண்டியாவுக்கு அருகே, மரவேலை செய்து பிழைத்த ஒருவர் தம் வீட்டு வாயிலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் அந்த வரியை எழுதியவரும் அல்லர்.

அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றை அப்போது தற்காலிகமாக முடக்கியது. 2018-ஆம் ஆண்டு கண்டிக் கலவரத்தின்போதும் முடக்கியது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் மக்கள் எதிர்ப்பு ஓங்கியபோதும் சில மணி நேரம் முடக்கியது. 2018-இல் தன் தளத்தின் வழியாகப் பரவிய வெறுப்புக்காக பேஸ்புக் நிறுவனமே 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. 2024-ஆம் ஆண்டில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஒன்றும் இங்கே வந்தது. சட்டம் வியாபாரிகளைக் காக்குமா, வாய்களைப் பூட்டுமா என்ற வாதத்துக்குள் நாம் புகவில்லை. வியாபாரி அறியவேண்டியது வேறு. அவன் கடை திறந்திருக்கும் அந்தச் சந்தை அவனுக்குச் சொந்தமானதன்று. ஒரு கட்டளையில் ஒரு மாலைப்பொழுதில் கதவு அடைக்கப்படலாம். புத்தளத்து நானா 2019-இன் பின்னர் ஒரு தடித்த கொப்பி வாங்கினார். வாடிக்கையாளரின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், உடையின் அளவு யாவும் அதிலே மையால் எழுதப்பட்டுள்ளன. இணையம் நின்றாலும் அழைத்துப் பேசலாம். நம் மாணாக்கனின் விருந்தினர் முகவரிகளும் இப்போது அவ்வாறே ஒரு கொப்பியில் ஏறுகின்றன. நானாவின் கொப்பியைப் பற்றி அவனுக்கு நாமே தொலைபேசியிற் கூறினோம்.

திரும்பும் வழியிற் சிலாபத்தில் இறங்கி, கடைத்தெருவில் நடந்தோம். தமிழும் சிங்களமும் ஒரே நாவில் மாறிமாறிப் புழங்கும் பட்டினம் அது. மீன் வாங்குபவர் ஒரு மொழியில் விலை கேட்க, விற்பவர் மறுமொழியில் விடை கூறுகின்றார். இருவருக்கும் அதில் வியப்பில்லை. நேருக்கு நேர் நிற்கும்போது முகமும் கையும் பொருளை விளக்கிவிடுகின்றன. எழுத்தாகித் தனியே பறக்கும்போதுதான் ஒரு வரி, படிப்பவனின் அச்சத்தையே தன் பொருளாக ஏற்றுக்கொள்கின்றது. இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இது புதிய பாடம் என்றே சொல்லவேண்டும்.

அத்தெருவிலே தலையணை உறையும் திரைச்சீலையும் விற்கும் சிறு கடையொன்றில் நுழைந்தோம். கடைக்காரர் பழக்கமானவர். சித்திரைப் புத்தாண்டுக்கான அறிவிப்பொன்றைத் தம் பக்கத்தில் வெளியிடுவதற்காக எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அறிவிப்பையும் இரண்டு மொழிகளிலும் எழுதுவது அவர் வழக்கம். சிங்கள வரிகளை எழுதியதும், அடுத்த கடையில் பாண் விற்கும் சிங்களவரை அழைத்து உரக்கப் படிக்கச் செய்கின்றார். அவர் முகஞ் சுளித்தால் அந்தச் சொல் நீக்கப்படும். நாம் நின்றபோது அவர் வந்து, மா படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, மெல்லப் படித்து, ஓரிடத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். பழைய சொல் பிழையன்றாம். சற்றுக் கட்டளைபோல ஒலிக்கின்றதாம். தமிழ்ப் பகுதியைப் பார்க்கும்படி கடைக்காரர் தொலைபேசியை நம்மிடம் நீட்டினார். ‘விலைக்கழிவு’ என்பதில் ழகரத்துக்குப் பதிலாக ளகரம் விழுந்திருந்தது. திருத்திக் கொடுத்தோம். பாண் கடைக்காரர் அது என்ன வேறுபாடு என்று கேட்க, இரண்டு எழுத்தையும் நாம் உச்சரித்துக் காட்ட, அவர் மூன்று முறை முயன்று, நான்காம் முறை சரியாகச் சொன்னார். கடைக்காரர் விரலால் ஒருமுறை தொட்டார், அறிவிப்பு போயிற்று. நமக்குரிய பஸ் வண்டியும் அப்பொழுதே வந்தது.